ஒரே அளவு ஆல்ஜினேட் மணிகளுக்கான 100 மைக்ரான் கண்ணாடிச் சிப்: ஒரு மதிப்பீடு

ஆல்ஜினேட் என்பது கடற்பாசியிலிருந்து எடுக்கப்படும், கால்சியம் பட்டால் ஜெல்லாக இறுகும் பொருள். செல்களை உள்ளே வைத்து வளர்ப்பதற்கான ஆல்ஜினேட் மணிகளை, ஊசி முனையிலிருந்து கால்சியம் குளோரைடு கரைசலில் சொட்டவிட்டுத் தயாரிப்பதே பல ஆய்வகங்களின் வழக்கம். அப்படிக் கிடைப்பவை இரண்டு மூன்று மில்லிமீட்டர் பருமனுள்ளவை. சில வால் முளைத்தும் இருக்கும். அந்தப் பருமனில் மணியின் நடுவிலுள்ள செல்களுக்கு ஆக்சிஜன் சரிவர எட்டுவதில்லை. அளவு மாறாத 100 மைக்ரான் (0.1 மில்லிமீட்டர்) மணிகளுக்காக எங்கள் ஆய்வகம் வாங்கிய, மெல்லிய வாய்க்கால்களில் திரவங்களை ஓட்டும் நுண்பாய்மத் தொகுப்பைப் பற்றியது இந்த மதிப்பீடு. உட்புறம் நீர் ஒட்டாத பூச்சுள்ள கண்ணாடிச் சிப், டெஃப்லான் குழாய்கள், இணைப்பிகள், சர்ஃபேக்டன்ட் (துளிகள் ஒன்றோடொன்று சேராமல் காக்கும் பொருள்) கலந்த ஃப்ளூரினேட்டட் ஆயில், செய்முறைக் கையேடு ஆகியவை அதில் அடங்கும்.

சிப்பில் குறை சொல்ல எதுவுமில்லை. நடு வாய்க்காலில் வரும் ஆல்ஜினேட்டை இருபுறமிருந்தும் ஆயில் நெருக்க, 100 மைக்ரான் கழுத்தில் அது மெலிந்து அறுந்து துளியாகிறது. ஆல்ஜினேட்டை நிமிடத்துக்கு 5 மைக்ரோலிட்டர் வேகத்தில் செலுத்தினால் நொடிக்கு ஏறத்தாழ 160 துளிகள் பிறக்கும் என்பதால், அறுபடும் கணத்தைச் சாதாரண கேமராவில் பிடிக்க முடியாது. ஆனால் வெளியே சேரும் துளிகளை மைக்ராஸ்கோப்பில் பார்த்தாலே போதும்: அவை தாமாகவே அறுகோண வரிசையில் அடுக்கிக்கொள்கின்றன, ஒரு துளி பெருத்திருந்தாலும் அந்த இடத்தில் வரிசை குலைந்து காட்டிக்கொடுத்துவிடும். துளிகளின் விட்டத்தில் வேறுபாடு 5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்ற வழக்கமான வரம்பை இந்தச் சிப் எளிதாகவே நிறைவு செய்கிறது. ஆயிலின் வேகத்தைக் கூட்டினால் துளி சிறுக்கும். அளவுக்கு மீறிக் கூட்டினால் இழை நீண்டுகொண்டே போய்க் கண்டபடி அறுபடும். 2 சதவீத ஆல்ஜினேட் கரைசலைவிட 1 சதவீதக் கரைசல் இதில் அதிகம் ஒத்துழைக்கிறது. துளிகள் பெரிதும் சிறிதுமாக மாறி மாறி வந்தால் சிப்பைக் குறை சொல்லும் முன் சிரிஞ்சு பம்ப்பைப் பார்க்க வேண்டும். குறைந்த வேகத்தில் அதன் மோட்டார் விட்டு விட்டுத் தள்ளுவது துளியில் அப்படியே பதிகிறது. குறுகிய விட்டமுள்ள சிரிஞ்சுக்கு மாறினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

என் மனக்குறையெல்லாம் கையேட்டின் மீதுதான். துளியை ஒரே அளவில் பிரிப்பது சிப்பின் வேலை என்றால், மணியை ஒரே தன்மையில் இறுகச் செய்வது கால்சியத்தின் வேலை. அந்தப் பாதியைக் கையேடு அலட்சியமாகக் கடந்துவிடுகிறது. கால்சியம் குளோரைடை நேரடியாகச் சேர்த்தால் கழுத்திலேயே ஜெல் கட்டி அடைத்துக்கொள்ளும் என்பதால், கால்சியம் கார்பனேட் துகள்களை ஆல்ஜினேட்டில் கலந்து, பின்னர் அவற்றிலிருந்து கால்சியம் வெளிவர ஆயிலில் அமிலம் சேர்க்கச் சொல்கிறார்கள். ஆனால் அந்தத் துகள்கள் சிரிஞ்சுக்குள்ளேயே அடியில் படிந்துவிடுகின்றன. முதலில் வந்த மணியும் கடைசியில் வந்த மணியும் விட்டத்தில் ஒத்திருந்தாலும் உறுதியில் ஒத்திருப்பதில்லை.

இதற்கு மாற்று இருக்கிறது. ஹார்வர்டில் டேவிட் வைட்ஸ், டேவிட் மூனி ஆகியோரை உள்ளடக்கிய குழு 2015இல் வெளியிட்ட முறையில், கால்சியத்தை ஈ.டி.டி.ஏ. என்ற, உலோக அயனிகளைப் பற்றிக்கொள்ளும் பொருளுடன் பிணைத்துக் கரைந்த நிலையிலேயே ஆல்ஜினேட்டில் சேர்க்கிறார்கள். நடுநிலை பி.எச்.இல் கால்சியம் கட்டுண்டு கிடக்கும். ஆயிலில் கலந்த சிறிதளவு அசிட்டிக் அமிலம் துளிக்குள் இறங்கியதும் கால்சியம் விடுபட்டு, மணி முழுவதும் ஒரே சீராக இறுகும். படிவதற்குத் துகளே இல்லாத இந்த முறைக்கு மாறிய பின்புதான் சிப்பின் முழு அருமை எங்களுக்குத் தெரிந்தது. செல்கள் உள்ளே இருந்தால் அமிலத்தில் நெடுநேரம் விடாமல் விரைவில் ஆயிலைப் பிரித்துக் கழுவிவிட வேண்டும். கழுவுவதற்குக் கையேடு பி.பி.எஸ். என்ற பாஸ்பேட் உப்புக் கரைசலைப் பரிந்துரைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. பாஸ்பேட் கால்சியத்தை இழுத்துக்கொள்வதால் மணிகள் ஊதி நெகிழ்ந்துவிடும்; கால்சியம் சிறிது சேர்த்த, பாஸ்பேட் இல்லாத ஹெப்பெஸ் தாங்கல் கரைசலே பாதுகாப்பானது.

உற்பத்தியளவு குறைவு என்பதையும் வாங்குவோர் அறிந்திருக்க வேண்டும்: மேற்சொன்ன வேகத்தில் ஒரு மணி நேரத்துக்கு 0.3 மில்லிலிட்டர்தான். ஆராய்ச்சிக்கு அது போதும். விலங்குச் சோதனை அளவுக்குப் பல கழுத்துகள் இணைந்த சிப் தேவைப்படும்.

பி.டி.எம்.எஸ். என்ற சிலிக்கோன் ரப்பரால் செய்த சிப்பைவிட இது பல மடங்கு விலை என்றாலும் திரும்பத் திரும்பப் பயன்படுகிறது. அடைத்துக்கொண்டால் சோடியம் சிட்ரேட் கரைசலை மெதுவாகச் செலுத்தினால் ஜெல் கரைந்து வெளியேறிவிடும். ஆல்ஜினேட்டை 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடித்துவிட்டால் அந்த வேலையும் அரிதாகவே நேரும். முழுத் தொகுப்பாக வாங்காமல் சிப்பையும் இணைப்பிகளையும் மட்டும் தனியாகக் கேட்டு வாங்குங்கள். ஆயிலையும் சர்ஃபேக்டன்ட்டையும் உங்கள் செல்களுக்கு ஏற்றபடி தேர்ந்துகொள்ளலாம்.