பாரிமுனை சனிக்கிழமை சட்டவியல் வகுப்பு: ஐந்தாவது வாரம் வரை ஜோர்

சென்னை பாரிமுனை பக்கம் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடியில் ஆறு வாரம் நடக்கிற ஜூரிஸ்புரூடன்ஸ் (சட்டம், உரிமை என்றால் என்ன என்று அலசும் சட்டத் தத்துவம்) வகுப்புக்கு 3,000 ரூபாய் கட்டிப் போய் வந்தேன். லிஃப்ட் கிடையாது. நான் வக்கீலும் இல்லை, பழைய வீட்டு ஓனர் பத்து மாத அட்வான்ஸைத் தராமல் இழுத்தடித்த கடுப்பில் சேர்ந்தவன்.

இரண்டாவது வாரமே சார் அட்வான்ஸைத்தான் உதாரணமாக எடுத்தார். ஹோஃபெல்ட் என்ற அமெரிக்க சட்ட அறிஞர் 1913ல் எழுதியது: 'உரிமை' என்ற ஒரே சொல்லுக்குள் நாலு வேறு சங்கதிகளைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். அட்வான்ஸைத் திரும்பக் கேட்பது என் உரிமை, தருவது ஓனரின் கடமை, சரி. ஆனால் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் விடுவது அந்த நாலில் இன்னொன்றான அதிகாரம், ஒரு காகிதம் வந்ததும் நான் விரலைக்கூட அசைக்காமல் என் சட்ட நிலை மாறிவிடுகிறது. தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டம் அட்வான்ஸ் மூன்று மாத வாடகையைத் தாண்டக்கூடாது என்கிறது, கூடவே 'வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால்' என்று ஒரு வாலும் இருக்கிறது. பத்து மாதத்துக்குக் கையெழுத்துப் போட்டு அந்த வரம்பை நகர்த்தினீர்களே, அதுவும் அதிகாரம்தான், உங்களுடையது என்றார் சார். கட்டின காசு எனக்கு அங்கேயே வசூலாகிவிட்டது.

சட்டம் என்றால் என்ன என்று எழுதிய ஆங்கிலேயர்கள் ஆஸ்டின், ஹார்ட் எல்லாம் ஓட்டம்தான், பரவாயில்லை.

கோட்டை விட்டது சமத்துவத்தில். கடைசி வாரம் ஒரு மணி நேரம், அதில் பாதி தத்துவவாதி ரால்ஸின் அறியாமைத் திரை (நாம் யாராக இருப்போம் என்று தெரியாமலே சமூகத்துக்கு விதி வகுக்கிற கற்பனை), செண்பகம் துரைராஜன் இட ஒதுக்கீட்டு வழக்குக்கு மூன்றே நிமிடம். அட, அது நம்ம ஊர் வழக்கு சார்! நாலடி நடந்தால் வருகிற ஹைகோர்ட்டில் ஆரம்பித்தது. ஒவ்வொரு 14 இடத்திலும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணருக்கு 2, ஹரிஜனருக்கு 2, ஆங்கிலோ இந்தியரும் இந்தியக் கிறிஸ்தவரும் சேர்த்து 1, முஸ்லிமுக்கு 1 என்று மருத்துவ, பொறியியல் கல்லூரி இடங்களைப் பிரித்த கம்யூனல் ஜி.ஓ. (சாதி, மத வாரி அரசாணை) செல்லாது என்று 1951ல் உச்ச நீதிமன்றமும் சொல்ல, அதே வருஷம் அரசியலமைப்பின் முதல் திருத்தம் வந்து, பிற்படுத்தப்பட்டோருக்குச் சிறப்பு ஏற்பாடு செய்ய வழிவிடும் 15(4) சேர்ந்தது. தனி ஆளின் உரிமை, அரசியலமைப்பையே மாற்றும் நாடாளுமன்றத்தின் அதிகாரம், ஹோஃபெல்ட்டை வைத்தே பிரித்துக் காட்ட இதைவிட என்ன வேண்டும்? கேட்டேன். சிலபஸில் இவ்வளவுதான் என்றார்.

ஐந்துக்கு மூன்றரை. ஜெராக்ஸ் நோட்ஸுக்குத் தனியாக 200 ரூபாய் கேட்பார்கள், அப்புறம், முன்வரிசையில் உட்காருங்கள், ஃபேன் சத்தத்தில் பின்னால் ஒன்றும் கேட்காது.