கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம்: ஒரு டியூஷன் வாத்தியாரின் மதிப்பெண்

பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் டியூஷன் எடுப்பவன் நான். எந்த கேம் கிடைத்தாலும் அதில் பாடம் தேடுகிற புத்தி. ராக்கெட் கட்டி விண்வெளிக்கு ஓட்டும் இந்த கேமில் தேடவே வேண்டியதில்லை. நீள்வட்டப் பாதையில் எஞ்சினை எங்கே எரிப்பது என்பது ஒன்றே போதும்.

கோளுக்கு மிக அருகில் வரும் புள்ளியில், கலம் வேகமாகப் பாயும்போது எரித்தால் அதே எரிபொருளுக்கு அதிக ஆற்றல். வினாடிக்கு 2,000 மீட்டரில் போகையில் 100 மீட்டர் கூட்டினால் கிலோவுக்கு 2,05,000 ஜூல் ஏறும். 500 மீட்டரில் போகையில் அதே 100 கூட்டினால் வெறும் 55,000. கரும்பலகையில் போட்டால் தலையாட்டுவார்கள், அவ்வளவுதான். இங்கே பாதையில் அந்தப் புள்ளியைக் கிளிக் செய்து அங்கே தோன்றும் கைப்பிடியை லேசாக இழுத்தால், எதிர்ப்பக்கத்து உச்சி, அதாவது கோளிலிருந்து மிகத் தொலைவான புள்ளி, கிடுகிடுவென வெளியே ஓடுகிறது.

எஞ்சின் சின்னதென்றால் சுற்றுக்குச் சுற்று அதே இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக எரிக்க வேண்டும். 2013இல் மங்கள்யான் 440 நியூட்டன் எஞ்சினை வைத்துச் செய்ததும் இதுதான். டிசம்பர் 1 அன்று செவ்வாய்க்குக் கிளம்பும்முன் உச்சி ஏறத்தாழ 1,93,000 கிலோமீட்டருக்குப் போயிருந்தது.

குறை என்றால், எஞ்சின் எரியும்போது காலத்தை நாலு மடங்குக்கு மேல் ஓட்ட முடியாது. மெல்லத்தான் தள்ளும் அயனி எஞ்சின் வைத்தால் டீ போட்டுக் குடித்துவிட்டே வரலாம். அப்புறம், வாங்குவதென்றால் முதல் பாகத்தையே வாங்குங்கள்.