ஒரு பேர்ச் நிலமும் பதினேழு சட்டமும்

முதலில் மார்க்கைச் சொல்லிவிடுகிறேன். டீச்சர் புத்தி, மார்க் போடாமல் இருக்க முடியாது. நிலத்துக்கு ஐந்துக்கு நாலரை, சட்டங்களுக்கு நாலு, அந்தச் சட்டங்களை நடத்துகிறவர்களுக்கு இரண்டு. கூட்டி மூன்றால் பிரித்தால் மூன்றரை வருகிறது.

நான் சொல்வது இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கத்தில், கைவிட்ட தேயிலை நிலத்தில் நடக்கும் ஒரு கூட்டு மரக்கறித் தோட்டத்தைப் பற்றி. பெயர் போடவில்லை. குறையும் சொல்லப் போகிறேன், தினமும் முகம் பார்க்கும் ஆட்கள். ஊர்க்காரர்களுக்கு எது என்று தெரியும். வெளியூரில் இருந்து வாசிப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: எங்களுக்குத் 'தோட்டம்' என்றால் தேயிலைத் தோட்டம்தான். அம்மா முப்பத்தொரு வருடம் கொழுந்து எடுத்த இடம். அதனால் "நான் ஒரு தோட்டத்தில் பேர் பதிஞ்சிருக்கேன்" என்று போனில் சொன்னதும் அம்மா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் "இதுக்கா உன்னைப் படிக்க வச்சேன்?" என்றார். மரக்கறி போட என்று விளக்கிய பிறகுதான் மூச்சு வந்தது.

இந்த இடம் 2022இல் தொடங்கியது. அதற்கு முந்திய வருடம் ரசாயன உரத்தை ஒரே அடியாகத் தடை செய்து, நவம்பரில் தடையைக் கைவிட்டது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். பிறகு டொலர் இல்லை, டீசல் இல்லை, காஸ் இல்லை. 2022 ஜூனில் அரசாங்க உத்தியோகத்தர்களுக்கு வெள்ளிக்கிழமை லீவு தந்து வீட்டில் பயிர் செய்யச் சொன்னார்கள். டவுனில் கடைக்கு மேலே வாடகை வீட்டில் இருக்கிறவள் எங்கே பயிர் செய்வது? பல்கனியில் இரண்டு பெயின்ட் வாளியில் வல்லாரை வைத்தேன். ஒன்றைக் காகம் கிளறியது, மற்றதை வீட்டுக்காரர் எடுக்கச் சொன்னார்.

2024 ஜனவரியில் கரட் கிலோ ஆயிரம் ரூபாயைத் தாண்டியபோதுதான் போய்ப் பெயர் கொடுத்தேன். எனக்கு முன்னால் ஒன்பது பேர் வரிசையில் இருந்தார்கள். மே மாதம் ஒரு பாத்தி காலியானது.

கிடைப்பது ஒரு பேர்ச். அதாவது 272 சதுர அடி. கட்டிய காசு இரண்டாயிரம் வைப்பு, மாதம் முன்னூறு சந்தா. அதற்குள் தண்ணீர், மம்பட்டி, மண் கிளறும் முள்ளு, பூவாளி, வருடத்துக்கு ஒரு முறை மண்ணின் புளிப்பைக் குறைக்கும் டொலமைட் பொடி. நாற்றும் எருவும் நம் செலவு. சேரும் அன்று தமிழிலும் சிங்களத்திலும் அடித்த ஒரு தாளில் ஒப்பம் வைக்க வேண்டும். பதினேழு சட்டம். கொட்டகைச் சுவரிலும் அதே தாள் பிளாஸ்டிக் உறைக்குள் தொங்குகிறது. ஸ்கூலில் பிள்ளைகளுக்கு நான் வைத்திருப்பது ஆறுதான். பதினேழு கொஞ்சம் ஜாஸ்தி என்று அன்றைக்கு நினைத்தேன்.

நாலாம் சட்டம்: "உங்கள் பாத்தியின் கீழ்ப்பக்கக் கான் உங்கள் பொறுப்பு." கான் என்றால் மழைத்தண்ணீர் வடியும் வாய்க்கால். இதை வாசித்துவிட்டு மறந்துவிட்டேன். நிலம் ஏழு படியாக இறங்குகிறது, என்னுடையது மூன்றாவது படி. ஜூன் மாதம் எங்கள் பக்கத்து மழை எப்படி என்று சொல்லத் தேவையில்லை. தென்மேல் பருவக்காற்று நேராக வந்து மோதுவது இந்த மேற்குச் சரிவில்தான். நாட்டிலேயே அதிகம் மழை பெய்யும் இடங்களில் ஒன்றான வட்டவளை எங்களுக்குப் பக்கத்தில்தான். களை பிடுங்கிக் கானுக்குள் போட்டிருந்தேன், 'பிறகு அள்ளலாம்' என்று. ஒரு ராத்திரி மழையில் கான் அடைத்துத் தண்ணீர் மேவி, கீழ்ப்படியில் இருந்த நானாவுடைய (முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்) லீக்ஸ் இரண்டு வரிசையை மண்ணோடு கொண்டு போய்விட்டது. அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வட்ஸ்அப்பில் ஒரு படம் மட்டும் அனுப்பினார். திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

அடுத்த ஞாயிறு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அறுபத்தெட்டு வயது, முழங்கால் வலி, ஆனால் மம்பட்டியைக் கையில் எடுத்தால் வலி எங்கே போகிறதோ. என் கானைப் பார்த்து, "இது கானா, சாக்கடையா?" என்றார். நான் நேராக ஆழமாக வெட்டி வைத்திருந்தேன், தண்ணீர் சீக்கிரம் ஓடட்டும் என்று. அதுதான் தப்பாம். தண்ணீர் ஓடக் கூடாது, நடக்க வேண்டும். கானுக்குள் இடையிடையே வெட்டாமல் ஒரு மண் திட்டு விட வேண்டும், அந்தத் திட்டு கரையைவிடக் கொஞ்சம் பதிவாக இருக்க வேண்டும். தண்ணீர் ஒவ்வொரு குழியிலும் நின்று மண்ணை இறக்கி வைத்துவிட்டு, மேல் தண்ணீர் மட்டும் அடுத்த குழிக்குத் தாண்டும். மழை விட்டதும் குழியில் தங்கிய மண்ணை அள்ளித் திரும்பப் பாத்தியிலேயே போடலாம். தேயிலை மலையில் இதை எத்தனை வருடம் செய்திருக்கிறார்கள்! நான் அந்தக் கான்களைத் தாண்டித் தாண்டி ஸ்கூல் போனவள், ஒரு நாளும் குனிந்து பார்த்ததில்லை. அன்றிலிருந்து எல்லோரும் கூடிச் செய்யும் பொது வேலைக்கு, சிரமதானத்துக்கு, என்னைவிட அம்மாவைத்தான் கேட்கிறார்கள். நானாவுக்கு லீக்ஸ் நாற்று இருநூறு வாங்கிக் கொடுத்தேன். மறுக்காமல் வாங்கிக்கொண்டார், அதுவும் நல்லதுதான்.

ஒன்பதாம் சட்டம்தான் எல்லோரும் முணுமுணுப்பது. உள்ளே வரும்போதும் போகும்போதும் பூட்ஸையும் மம்பட்டியையும் கழுவ வேண்டும், வெளியிலிருந்து கோவா (முட்டைக்கோஸ்) நாற்று கொண்டுவந்தால் வேரைக் காட்டிவிட்டுத்தான் நட வேண்டும். குளிரில் விறைத்த கையோடு பரல் தண்ணீரில் மம்பட்டி கழுவிப் பாருங்கள், சட்டம் எழுதியவர் மேல் அன்பு வராது. ஆனால் காரணம் இருக்கிறது. கோவா, நோக்கோல், முள்ளங்கி வகைக்கு வேர் கட்டி கட்டியாக வீங்கும் ஒரு நோய் நுவரெலியாப் பக்கத்து விவசாயிகளுக்குப் பழைய எதிரி. வெயிலில் செடி வாடும், பிடுங்கிப் பார்த்தால் வேர் இஞ்சி மாதிரி இருக்கும். மண்ணுக்குள் வந்துவிட்டால் வருடக் கணக்கில் போகாது, சப்பாத்தில் ஒட்டிய சேற்றோடு பாத்திக்குப் பாத்தி போகும். அதற்குப் புளித்த மண் பிடிக்கும். எங்களுடையது தேயிலை இருந்த மண். தேயிலைக்குப் புளிப்பு வேண்டும், மண்ணின் பி.எச். நாலரைக்கும் ஐந்தரைக்கும் இடையில் இருந்தால் அதற்குச் சொர்க்கம். கோவாவும் பீட்ரூட்டும் ஆறுக்கு மேலே கேட்கும். அதனால்தான் நடுவதற்குச் சில கிழமைக்கு முன்பே டொலமைட் போட்டுக் கொத்திவிடச் சொல்கிறார்கள். இதை எனக்குச் சொன்னது இடத்தை நடத்துகிற கமிட்டி இல்லை, பார்க்க வந்த விவசாயப் போதனாசிரியர். கமிட்டி "சட்டம்னா சட்டம் டீச்சர்" என்று மட்டும் சொன்னது. சட்டத் தாளில் காரணத்தை ஒரு வரி எழுதியிருந்தால் பாதி முணுமுணுப்பு குறைந்திருக்கும்.

இனி என்னுடைய பெரிய தப்பு. ஒவ்வொரு கிழமையும் ஒரு ஆள் சாவிக்காரர். காலை ஆறுக்குத் திறந்து, மாலை ஆறரைக்குப் பூட்டி, தகர வேலியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்க வேண்டும். 2025 பெப்ரவரியில் என் முறை. மூன்றாம் நாள் பேப்பர் திருத்திக்கொண்டிருந்துவிட்டு அவசரமாகப் போய்ப் பூட்டைப் போட்டேன், கீழ்ப் பக்கத்துச் சின்னக் கதவைப் பார்க்கவில்லை. ராத்திரி பன்னி வந்துவிட்டது. காட்டுப்பன்றி சாப்பிட்டுவிட்டுப் போகிற பிராணி இல்லை, உழுதுவிட்டுப் போகிற பிராணி. நாலு பாத்தி. அதில் ஒன்று, லயத்திலிருந்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) வரும் ஒரு பெரியம்மாவுடைய பீட்ரூட், அடுத்த கிழமை பிடுங்க இருந்தது.

நான் அழாத குறையாகப் போய் நின்றேன். அவர் பாதி கடித்த ஒரு பீட்ரூட்டை எடுத்துப் பார்த்துவிட்டு, "விடு புள்ள, அதுக்கும் பசிதானே" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்த மூச்சில், "ஆனா பதினொண்ணாம் சட்டம் இருக்குல்ல, நாத்தும் எருவும் நீதான் வாங்கித் தரணும், கொத்துறதுக்கும் வா" என்றார். சாவிக்காரரின் கவனக் குறைவால் வரும் நட்டம் சாவிக்காரருடையது. நாலு பாத்திக்கும் சேர்த்து ஏழாயிரத்துச் சொச்சம் போனது, இரண்டு ஞாயிறும் போனது. கொத்தக் கொத்த அவர் கதை சொல்லிக்கொண்டே இருந்தார், அதில் பாதி என் மாமியார் வழிச் சொந்தக்காரர்களைப் பற்றியது. அவை இங்கே எழுதத்தக்கவை அல்ல.

இப்போது குறைகள்.

மாதத்தின் முதல் ஞாயிறு காலை ஏழரைக்குச் சிரமதானம். பொதுப் பாதை, வேலி, எருக்குழி, தலைக்கான் எல்லாம் அன்றைக்குத்தான். வராதவர் ஐந்நூறு ரூபாய் கட்ட வேண்டும். வாசிக்க நியாயமாகத்தான் இருக்கிறது. நடப்பது வேறு. தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 2024 செப்டம்பரில் கூட்டியே 1350 ரூபாய்தான் ஆனது. அந்தச் சம்பளம் வாங்குகிற வீட்டில் ஐந்நூறு ரூபாய் பெரிய காசு, அவர்கள் காய்ச்சலோடும் வந்துவிடுகிறார்கள். டவுனில் கடை வைத்திருப்பவருக்கு அது ஒரு பிளேட் கொத்து ரொட்டி. டிசம்பரிலிருந்து வெசாக் வரை சிவனொளிபாதமலை யாத்திரை சீசன், ஹட்டனில் கடைக்காரர்களுக்கு மூச்சு விட நேரம் இருக்காது, அது உண்மை. அதற்காக ஆறு மாதமும் காசை நீட்டிவிட்டு, ஜூனில் வந்து "கான் ஏன் இப்படி இருக்கு?" என்று கேட்டால் என்ன செய்வது? தண்டமாக வைத்தது கட்டணமாகிப் போனது. தப்பிய வேலைக்குப் பதில் வேலை, அதே மாதத்துக்குள் இரண்டு மணி நேரம் என்று கூட்டத்தில் நான் சொல்லிப் பார்த்தேன். "பார்ப்போம் டீச்சர்." ஒரு வருடமாகப் பார்க்கிறார்கள்.

தண்ணீர் இன்னொன்று. மேலே ஊற்றிலிருந்து குழாய் போட்டு ஒரு தாங்கி வைத்திருக்கிறார்கள். ஜனவரி முதல் மார்ச் வரை ஊற்று மெலிந்துவிடும். அப்போது ஒருநாள் விட்டு ஒருநாள், ஆளுக்கு ஆறு பூவாளி, ஹோஸ் கூடாது. நல்ல சட்டம். ஆனால் தாங்கிக்குப் பக்கத்து மூன்று பாத்தியும் கமிட்டி ஆட்களுடையது, மாலை ஏழு மணிக்கு அங்கே ஹோஸ் சுருள் ஈரமாக இருந்ததை என் கண்ணால் பார்த்தேன். கேட்டால், "அது பைப்பு லீக்கு" என்றார்கள். அந்த லீக்கு அவர்களுடைய கரட்டுக்கு மேலேயே வந்து நிற்கிறது. லயத்தில் தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரைச் சண்டை பார்த்து வளர்ந்தவளுக்கு இதெல்லாம் புதிது இல்லை, ஆனாலும் பதினேழு சட்டம் எழுதிய கை செய்கிற வேலையா இது?

கணக்கு விஷயமும் அப்படித்தான். மூன்று மாதத்துக்கு ஒரு முறை வரவு செலவு கொட்டகைச் சுவரில் ஒட்ட வேண்டும் என்பது பதினாறாம் சட்டம். கடைசியாக ஒட்டிய தாளில் எலி கடித்திருக்கிறது. யாரும் காசு எடுத்ததாக நான் நினைக்கவில்லை, சோம்பல்தான். லயத்தில் மரண உதவிச் சங்கம் நடத்துகிற ஆட்கள் ஐம்பது ரூபாய்க்கும் கொப்பியில் எழுதிக் காட்டுகிறார்கள், இங்கே படித்தவர்களுக்கு முடியவில்லை.

மற்றவை சின்னச் சின்ன விஷயம். போஞ்சிக் கம்பு பக்கத்துப் பாத்திக்கு நிழல் விழாமல் ஊன்ற வேண்டும். களைநாசினி உள்ளே வரக் கூடாது. மூன்று கிழமை எட்டிப் பார்க்காவிட்டால் சிவப்பு நாடா கட்டுவார்கள், ஆறு கிழமையானால் பாத்தி அடுத்தவருக்கு. வேலியோரத்து சௌசௌ பந்தலும் மரத்தக்காளியும் பொது, ஒரு முறைக்கு ஆளுக்கு மூன்று காய். மாதக் கடைசியில் ஒவ்வொரு பாத்தியும் ஒரு பிடி கீரை, பக்கத்து முன்பள்ளிப் பிள்ளைகளின் இலைக்கஞ்சிக்கு. இந்தக் கடைசிச் சட்டத்தை மட்டும் யாரும் ஏமாற்றி நான் பார்த்ததில்லை, ஹோஸ்காரர்கள் உட்பட.

காசுக் கணக்கில் லாபமா என்று கேட்டால், முதல் வருடம் நட்டம், பன்னியையும் சேர்த்தால் நல்ல நட்டம். இரண்டாம் வருடம் லீக்ஸ், சலாது, பீட்ரூட், போஞ்சி வீட்டுக்குப் போதும் போதும் என்று வந்தது. கரட்டில் இன்னும் நான் பெயில். இரண்டு கால் முளைத்த கரட்தான் வருகிறது, மண்ணைச் சரியாக உடைக்கவில்லை என்று அம்மா சொல்கிறார்.

கிழமையில் இரண்டு மூன்று நாள் போக முடிகிறவர்கள், முக்கியமாக ஞாயிறு காலை எழும்ப முடிகிறவர்கள், தாராளமாகச் சேரலாம். காசு கட்டினால் மரக்கறி வந்துவிடும் என்று நினைப்பவர்களுக்குச் சந்தைதான் சரி. பெயர் கொடுக்க முதல் ஞாயிறு சிரமதானத்துக்கே போய்விடுங்கள், அன்றைக்குத்தான் செயலாளர் இருப்பார். கதவுக்குப் பக்கத்தில் நீலப் பரல் இருக்கிறது, பூட்ஸைக் கழுவிவிட்டு உள்ளே போங்கள். அம்மா அங்கேதான் நிற்பார், பார்த்துக்கொண்டிருப்பார்.