ஆயர் ஈத்தாம் வெயிலில் ஆறு வருட அசேலியா போன்சாய்

2019 சீனப் புத்தாண்டுக்கு முந்தின வாரம் பினாங்கு ஆயர் ஈத்தாம் சந்தையில் 18 வெள்ளிக்கு (ரிங்கிட்) ஒரு தொட்டி அசேலியா பூச்செடி வாங்கினேன். கேமரன் மலையிலிருந்து லாரியில் இறங்கிய சரக்கு. இலையே தெரியாத அளவுக்கு சிவப்புப் பூ. அந்தப் பூவின் மயக்கத்தில் மே மாதம் 380 வெள்ளி கொடுத்து ஜப்பானிலிருந்து வந்த சாட்சுகி என்ற வகை அசேலியா போன்சாய் (தொட்டியில் குட்டையாக வளர்க்கும் மரம்) ஒன்றையும் வாங்கினேன். விற்றவர் "இங்கேயும் வருஷா வருஷம் பூக்கும்" என்று அடித்துச் சொன்னார். 14 மாதத்தில் அது செத்துவிட்டது. 18 வெள்ளி மரம் இன்றைக்கும் வாசலில் நிற்கிறது, அடிமரம் என் கட்டை விரலைவிடத் தடிமனாக.

பினாங்கில் அசேலியா போன்சாய் வளர்க்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: வளர்க்கலாம், ஆனால் எந்த அசேலியா என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. சாட்சுகி என்ற பெயரே ஜப்பானியப் பழைய நாள்காட்டியின் ஐந்தாம் மாதத்தைக் குறிப்பது. மே, ஜூனில் பூக்கும், பனிக்காலத்தில் ஓய்ந்து கிடக்கும். அந்த ஓய்வு அதற்குத் தூக்கம் மாதிரி. நம் வீட்டு வாசலில் விடியற்காலையில்கூட 23, 24 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். மரம் தூங்காமல் தளிர் விட்டுக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு தளிரும் முன்னதைவிட மெலிந்து, கணு தள்ளித் தள்ளி நீண்டது. புத்தாண்டுக்கு வரும் அசேலியாக்கள் பெரும்பாலும் சீனாவைப் பூர்வீகமாகக் கொண்ட இனத்தின் கலப்புகள். அவை சூட்டைக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்குகின்றன. நீலகிரிப் பக்கம் காட்டுப்பூவரசு என்பார்களே, அதுவும் இந்த இனத்துக்கு உறவுதான். எல்லாமே மலையையும் குளிரையும் விரும்பும் கூட்டம்.

ஆனால் சாட்சுகி செத்ததற்கு வெப்பம் மட்டும் காரணமில்லை. அது வந்தபோது ஒரு மஞ்சள் நிறப் பொரிக்கல்லில் இருந்தது. பார்த்தால் சத்தே இல்லாதது போலத் தெரிந்தது. மூன்றாம் மாதமே பையில் விற்கும் கறுப்பு மண்ணுக்கு மாற்றி, கீழே தட்டும் வைத்துவிட்டேன். அக்டோபர் மழை வந்தது. தட்டில் தண்ணீர் நின்றது. மேல் இலைகள் வாடும்போது தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றினேன். 2020 மார்ச்சில் கொரோனாவுக்கான நடமாட்டக் கட்டுப்பாடு வந்து நர்சரிகள் மூடின, கேட்க ஆளில்லை. ஜூலையில் தொட்டியிலிருந்து எடுத்தபோது வேர்கள் ஊறிப்போன தேங்காய் நார் மாதிரி கையோடு வந்தன. சாக்கடை வாடை. பாலிக் பூலாவ் போகும் வழியில் நர்சரி வைத்திருக்கும் சீனப் பெரியவரிடம் பிறகு கொண்டுபோய்க் காட்டினேன். ஒரு முறைதான் முகர்ந்து பார்த்தார். "ஆகார் பூசுக்" என்றார். வேர் அழுகல். பிறகு உள்ளே போய் அதே மஞ்சள் கல்லை ஒரு கைப்பிடி கொண்டுவந்து என் உள்ளங்கையில் வைத்தார்.

அதுதான் கனுமா. ஜப்பானில் தோச்சிகி மாநிலத்துக் கனுமா நகரப் பக்கத்தில் தோண்டியெடுக்கும் எரிமலைக் கல். அமிலத்தன்மை உள்ளது, அசேலியாவுக்கு வேண்டியதும் அதுதான். தலைமுடி போன்ற இதன் வேர்களுக்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். கனுமா இரண்டையும் தரும். இந்தக் கல்லிடம் எனக்கு மிகவும் பிடித்த குணம் அதன் நிறம்: காய்ந்தால் வெளிறிய சந்தன நிறம், நனைந்தால் நல்ல மஞ்சள். காலையில் விரலால் மேலிருந்து ஓர் அங்குலம் கிளறிப் பார்ப்பேன். உள்ளே மஞ்சளாக இருந்தால் தண்ணீர் வேண்டாம். வெளிறத் தொடங்கியிருந்தால் தொட்டியின் அடியில் வழியும்வரை ஊற்றுவேன். ஆறு வருடத்தில் இதைவிட நம்பகமான அளவுகோல் எனக்குக் கிடைக்கவில்லை.

ஒரு மூட்டை எனக்கு 85 வெள்ளி ஆனது. விலை அதிகம்தான், ஆனாலும் இதில் மிச்சம் பிடிக்க வேண்டாம். போடுவதற்கு முன் சல்லடையில் சலித்துத் தூளை எடுத்துவிட வேண்டும். தூள் அடியில் தங்கினால் வடிகால் அடைபடும். நம் ஊர் மழையில் கல் நொறுங்கிக் களியாகிறது, அதனால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுகிறேன்.

அடுத்த பாடம் 2021-இல். 18 வெள்ளி மரத்தின் புது இலைகள் மஞ்சளாகின, நரம்பு மட்டும் பச்சை. வலை விரித்த மாதிரி இருந்தது. நான் உரம் குறைவு என்று நினைத்தேன். ஒருநாள் காலை அம்மா முட்டை ஓட்டை இடித்துத் தொட்டியில் தூவுவதைப் பார்த்தேன்.

"ஏம்மா இதுல போடுறீங்க?"

"ரோஜாவுக்குப் போடுறேன், நல்லா வருதுல்ல? இதுவும் பூச்செடிதானே ஐயா?"

அம்மா மேல் தப்பில்லை. நம் வீடுகளில் முட்டை ஓடும் தேயிலைச் சக்கையும் எல்லாச் செடிக்கும் பொது மருந்து. ஆனால் முட்டை ஓடு சுண்ணாம்பு. அது அமிலத்தைக் குறைக்கும். அமிலம் குறைந்தால் மண்ணில் இரும்பு இருந்தும் அசேலியாவால் எடுத்துக்கொள்ள முடியாது. ஓட்டை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தேன், மேல் கல்லை மாற்றினேன், செடிகள் உறிஞ்சும் வகையிலான இரும்புச் சத்தைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினேன். பழைய இலைகள் தேறவில்லை. ஒரு மாதம் கழித்து வந்த தளிர்கள் பச்சையாக வந்தன. அன்றிலிருந்து கூரைத் தண்ணீரை ஒரு பீப்பாயில் பிடித்து அதையே ஊற்றுகிறேன், கொசு வராமல் வலை கட்டி. குழாய்த் தண்ணீர் ஜனவரி, பிப்ரவரி வறட்சியில் மட்டும்.

இடம் பற்றி: கிழக்குப் பார்த்த வாசல், 10 மணிவரை வெயில், பிறகு பாதி நிழல் தரும் கறுப்பு வலை. சிமெண்டுத் தரையில் வைக்காதீர்கள், மதியம் அது அடுப்பு. நான் மரப்பலகை மேல் வைத்திருக்கிறேன். கொடிமலை (பினாங்கு ஹில்) உச்சி ஏறக்குறைய 830 மீட்டர், நம் அடிவாரத்தைவிட நன்றாகவே குளிர். அங்கே வீடிருந்தால் இந்தப் பாடு வேண்டாம்.

வெட்டுவதில் அசேலியா மற்ற மரங்களுக்கு நேரெதிர். ஆல், இச்சி எல்லாம் உச்சியில்தான் வேகமெடுக்கும், உச்சியை அடக்க வேண்டும். அசேலியாவுக்கு பலம் அடியில். இது தெரியாமல் முதல் இரண்டு வருடம் உச்சியை வெட்டி வெட்டி, மேலே மெலிந்து கீழே புதர் மண்டிய மரமாக்கி வைத்திருந்தேன். இப்போது கீழ்க் கிளைகளைக் கடுமையாகவும் உச்சியை மென்மையாகவும் வெட்டுகிறேன். ஒரே இடத்தில் நான்கைந்து தளிர் விசிறி மாதிரி கிளம்பும், அதில் இரண்டை மட்டும் விடுவேன். பழைய கட்டையிலிருந்தும் துளிர்க்கக்கூடியது என்பதால் துணிந்து வெட்டலாம். பெரிய காயத்துக்குப் பசை பூசுங்கள், இல்லாவிட்டால் அந்தப் பக்கம் பட்டுப்போகிறது. கம்பி கட்டும்போது பொறுமை வேண்டும், கிளை படக்கென்று ஒடியும். நம் ஊர் வளர்ச்சிக்கு ஐந்தாறு வாரத்தில் கம்பி பட்டையில் பதியத் தொடங்கிவிடும்.

பூ விஷயத்தில் உண்மையைச் சொல்கிறேன். வாங்கிய வருடம் பார்த்த அந்தச் சிவப்பு திரும்ப வரவில்லை. இரண்டாம் வருடம் மூன்று பூ, மூன்றாம் வருடம் ஒன்றுமில்லை. கேமரன் குளிரில் மொட்டு வைத்து வந்த செடி அது. இப்போது பிப்ரவரி வறட்சிக்குப் பின் முப்பது, நாற்பது பூ வருகிறது. எனக்கு அது நிறைவு. வாடிய பூவைக் காம்போடு, சூலகத்தையும் சேர்த்துக் கிள்ளிவிட்டு உடனே கிளைகளை வெட்டிவிடுவேன். தாமதித்தால் அடுத்த மொட்டுக்கான தளிரையே வெட்டிவிடுவோம்.

வறண்ட மாதங்களில் இலைக்கு அடியில் சிலந்திப்பேன் வரும். இலை மேல் ஊசி குத்தின மாதிரி வெளிறிய புள்ளிகள். வாரம் ஒருமுறை இலையின் அடிப்பக்கம் தண்ணீர் பீய்ச்சினாலே என் வாசலில் அடங்கிவிடுகிறது. இன்னொன்று, இலை, பூ, தேன் எல்லாமே நச்சு. பூனை, நாய், தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் எட்டாத உயரத்தில் வையுங்கள்.

போன மார்ச்சில் மூன்றாவது முறையாகக் கல் மாற்றினேன். வேர்க்கட்டியைக் குச்சியால் கிளறியபோது நுனிகள் வெள்ளையாக இருந்தன, வாடையே இல்லை. பின்பக்கத்தில் ஒரு தடித்த கீழ்க் கிளையை இரண்டு வருடமாக எடுக்கலாமா வேண்டாமா என்று வைத்திருந்தேன். அன்றைக்கு எடுத்துவிட்டேன். காயத்தைச் சுற்றி இப்போது ஏழு துளிர் வந்திருக்கிறது, இரண்டை விட்டு மற்றதைக் கிள்ள வேண்டும்.