கமுடேஷன் வாங்கலாமா, முழு பென்ஷனே போதுமா?

வேலூர் பக்கம் எங்கள் ஊர். ராணுவப்பேட்டை என்று பேர் வாங்கிய கம்மவான்பேட்டை அளவுக்கு இல்லாவிட்டாலும், தெருவுக்கு நாலு மிலிட்டிரிக்காரர் வீடு இருக்கும். நான் ஹவில்தார் கிளார்க்காக இருந்து 2012-ல் பென்ஷன் வந்தவன். ஃபாரம் நிரப்பத் தெரியும் என்ற ஒரே குற்றத்துக்காக, ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் திண்ணையில் யாராவது உட்கார்ந்திருப்பார்கள்.

போன மாதம் தங்கச்சி முறை ஆகும் ஒரு பெண் வந்திருந்தது. வீட்டுக்காரர் லடாக்கில், ஃபீல்டில். இன்னும் எட்டு மாதத்தில் பென்ஷன். கையில் பழைய எல்.ஐ.சி. டைரி, அதற்குள் ஒரு பென்சில்.

"அண்ணா, பாதி பென்ஷனைக் கமுடேஷன் எழுதிக் கொடுத்துடலாம்னு அவரு சொல்றாரு. மாமனாரு, அரசாங்கம் கொடுக்கிற மாசக் காசைக் கையால தொலைக்காதீங்கன்னு சண்டை போடறாரு. எது நல்லது, ஒரு வார்த்தையில சொல்லுங்க."

ஒரு வார்த்தையில் சொல்ல முடியாது. ஆனால் ஒரு பக்கத்துக் கணக்கில் சொல்லிவிடலாம்.

முதலில் விஷயம் என்னவென்று பார்ப்போம். படையில் இருந்து வருகிறவர், அடிப்படைப் பென்ஷனில் 50 சதவீதம் வரை அரசிடம் 'விற்று' மொத்தப் பணமாக வாங்கிக்கொள்ளலாம். அதுதான் கமுடேஷன். சிவில் அரசு ஊழியர்களுக்கு இந்த வரம்பு 40 சதவீதம்தான். விற்ற பகுதி 15 வருடம் மாதாமாதம் பிடிக்கப்படும். பிறகு முழுப் பென்ஷன் திரும்பும். ஒரு காலத்தில் இந்தப் பிடித்தம் ஆயுள் முழுக்க இருந்தது. உச்ச நீதிமன்றத்துக்கு வழக்கு போய், 1986-ல் தீர்ப்பு வந்துதான் 15 வருடம் என்று உறுதியானது. அதை 12 ஆகக் குறைக்கச் சொல்லிச் சங்கங்கள் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கின்றன.

அந்த வீட்டுக் கணக்கையே எடுத்துக்கொள்கிறேன். அடிப்படைப் பென்ஷன் 22,000 வரும். பாதியை விற்றால் 11,000. இதை 12-ஆல் பெருக்கி, வயதுக்கு ஏற்ற ஒரு எண்ணால் மறுபடி பெருக்குவார்கள். நாற்பதை ஒட்டிய வயதுக்கு அந்த எண் 9-க்குக் கொஞ்சம் மேல். 9 என்றே வைத்தால் 11,88,000 ரூபாய். வரி கிடையாது. பிடித்தமோ 15 வருடத்தில் 19,80,000. மாமனார் சண்டைக்கு இந்த இரண்டு எண்களின் வித்தியாசம்தான் காரணம்: "எட்டு லட்சம் போகுதே!"

போகிறதுதான். ஆனால் எட்டு லட்சத்தை அப்படிக் கழித்துப் பார்ப்பது சரியான கணக்கு இல்லை. பேங்கில் வீட்டுக் கடன் வாங்கினாலும், கட்டியதையும் வாங்கியதையும் கழித்துப் பார்த்தால் தலை சுற்றத்தான் செய்யும். பார்க்க வேண்டியது வட்டி விகிதம். 11,88,000 கடன், மாதம் 11,000 தவணை, 180 மாதம் என்று போட்டால் வட்டி வருடத்துக்கு ஏறக்குறைய ஏழரை சதவீதம் வருகிறது. கமுடேஷன் என்பது பரிசும் இல்லை, நஷ்டமும் இல்லை. ஏழரை வட்டிக் கடன், அவ்வளவுதான். இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் எளிது.

கடன் என்றாலும் இதில் இரண்டு விசேஷம் உண்டு. பேங்க் கடனில் ஆள் இறந்தால் மனைவி தலையில் விழும். இங்கே இறந்த அன்றோடு பிடித்தம் முடிந்தது. குடும்பப் பென்ஷனில் ஒரு பைசா கைவைக்க மாட்டார்கள். சொல்லச் சங்கடமான விஷயம், அதனாலேயே யாரும் சொல்வதில்லை: உடம்பில் பெரிய வியாதி இருக்கிறவருக்குக் கமுடேஷன்தான் லாபம். அப்பாவும் தாத்தாவும் தொண்ணூறு வரை நடமாடிய வீட்டுக்காரர் 15 வருடமும் முழுசாகக் கட்டித்தான் தீர வேண்டும்.

இரண்டாவது விசேஷத்தை என் பென்ஷனிலேயே பார்த்தேன். 2012-ல் என் அடிப்படைப் பென்ஷன் 7,400. பாதியை விற்று நாலு லட்சம் வாங்கினேன். மாதம் 3,700 பிடித்தம். 2016 சம்பளக் கமிஷனில் பென்ஷனை 2.57-ஆல் பெருக்கியதும் 19,018 ஆனது. பிடித்தம் அதே 3,700. முதல் வருடங்களில் நெஞ்சில் குத்திய தொகை, இப்போது ஸ்டேட்மென்டில் தேடினால்தான் கண்ணில் படுகிறது. ஒரே ரேங்க் ஒரே பென்ஷன் திருத்தத்தில் கூடியபோதும் பிடித்தம் அசையவில்லை. அகவிலைப்படியும் குறைத்த பென்ஷனுக்கு அல்ல, முழு அடிப்படைப் பென்ஷனுக்கே வரும். 2024 ஜனவரியில் இருந்த மாதிரி 50 சதவீதம் என்று வைத்தால், தங்கச்சி வீட்டுக்குக் கமுடேஷன் இல்லாமல் 33,000, இருந்தால் 22,000. பாதி போகவில்லை, மூன்றில் ஒன்றுதான் போகிறது.

வாங்கிய பணத்தை என்ன செய்யப் போகிறார்கள்? ஒப்பீட்டின் உயிர் இந்தக் கேள்வியில் இருக்கிறது. என் திண்ணைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் "பத்திரமா எதுலயாவது போட்டு வைக்கலாம்" என்பார்கள். சரி, தபால் ஆபீஸ் மாத வருமானத் திட்டம், 7.4 சதவீதம். ஒருத்தர் பேரில் 9 லட்சம்தான் போடலாம் என்பதால் கணவன் மனைவி கூட்டாக 11,88,000 போடுவதாக வைப்போம். மாதம் 7,326 வட்டி வரும். பென்ஷனில் 11,000 குறைகிறது. கையைக் கடிப்பது 3,674. முதல் அப்படியே இருக்கிறதே என்பீர்கள். கமுடேஷனே வாங்காமல், அந்த 3,674-ஐ மாதாமாதம் ஏழு சதவீத ஆர்.டி.யில் போட்டு வந்தாலும் 15 வருடத்தில் பதினொன்றரை லட்சத்தைத் தாண்டிவிடும். சுற்றிச் சுற்றி வந்தது கொல்லைப்புறத்துக்குத்தான். ஏழரைக்கு வாங்கி ஏழு நாற்பதுக்குப் போடுவது வியாபாரம் இல்லை.

மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் கொஞ்சம் மேல். 2023 ஏப்ரலில் அதை 8.2 ஆக்கினார்கள். ராணுவத்தில் இருந்து வந்தவர்களுக்கு 60 வேண்டாம், 50 வயதே போதும். ஆனால் நம் ஆள் 42-ல் வருகிறார். எட்டு வருடம் காத்திருக்க வேண்டும்.

"ஆஸ்பத்திரிச் செலவுக்கு மொத்தமா ஒரு தொகை கையில இருக்கட்டுமே" என்பது அடுத்த வாதம். முன்னாள் படைவீரருக்கான மருத்துவத் திட்டம் இ.சி.ஹெச்.எஸ். எதற்கு இருக்கிறது? ஹவில்தார் வரை ஒரே தடவை 30,000 சந்தா. ஆயுள் முழுக்க ஆளுக்கும் மனைவிக்கும், நம்மை நம்பி இருக்கும் பிள்ளைகளுக்கும் மருத்துவம். மாத வருமானம் 9,000-மும் அதற்கான அகவிலைப்படியும் தாண்டாத அப்பா அம்மாவையும் சேர்க்கலாம். பாலிகிளினிக் வேலூரிலேயே இருக்கிறது. டோக்கன் எடுத்துக் காத்திருப்பது வேறு கதை.

ஆனால் வீட்டில் ஏற்கெனவே கடன் இருந்தால் எல்லாமே மாறும். தங்கச்சியிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் முந்தானையைத் திருகிக்கொண்டிருந்துவிட்டுச் சொல்லியது: நாத்தனார் கல்யாணத்துக்கு வாங்கிய கைமாற்று 3 லட்சம், ரெண்டு வட்டி. பேங்கில் பர்சனல் லோன் பாக்கி 2,40,000, வட்டி 12 சதவீதம். ரெண்டு வட்டி என்றால் வருடத்துக்கு 24 சதவீதம். அந்த 3 லட்சத்துக்கு வட்டி மட்டும் மாதம் 6,000 போகிறது. முதலில் ஒரு ரூபாய் குறையவில்லை. மாதக் காசு முழுசாக வர வேண்டும் என்று சண்டை போடும் அதே மாமனார்தான் அந்த 6,000-ஐ ஒன்றாம் தேதி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருகிறார்.

"கிராஜுவிட்டிப் பணத்துல அடைக்கலாமே?" என்றேன். கிராஜுவிட்டியும் லீவுப் பணமும் வீடு கட்ட. கடைக்கால் போட்டு மூன்று வருடமாகக் கம்பி துருப்பிடித்து நிற்கிறது.

அப்படியானால் பாதியா, முழுசா என்ற சண்டையே தப்பு. 50 என்பது உச்ச வரம்பு, கட்டாயம் இல்லை. தேவைக்கு மட்டும் விற்கலாம். கடன் மொத்தம் 5,40,000. அதை 108-ஆல் (அதே 12 பெருக்கல் 9) வகுத்தால் 5,000. அடிப்படைப் பென்ஷனில் 5,000 மட்டும் விற்றால் இரண்டு கடனும் அன்றைக்கே தீரும். மாதம் 6,000 வட்டியும் பேங்க் தவணையும் நிற்கும்; அதற்குப் பதில் 5,000 பிடித்தம், அதுவும் முடிகிற தேதியோடு. ஏழரைக்கு வாங்கி இருபத்து நாலை அடைப்பது, அது வியாபாரம்.

இன்னும் ஒரு வழி பலருக்குத் தெரியவே தெரியாது. ஃபாரம் நிரப்பும்போதே முடிவு செய்ய வேண்டும் என்று இல்லை. பென்ஷன் வந்து ஒரு வருடத்துக்குள் கேட்டால் மெடிக்கல் போர்டு இல்லாமலே கமுடேஷன் கிடைக்கும். வருடம் தாண்டினால் மெடிக்கல் போக வேண்டும். வயது ஏற ஏறப் பெருக்கும் எண்ணும் இறங்கும். கடன் இல்லை, செலவும் இல்லை, ஆனால் எல்லாரும் வாங்குகிறார்களே என்று குழம்புகிறவர், ஆறு மாதம் ஊர்க்காற்றைச் சுவாசித்துவிட்டு எழுதிக் கொடுக்கலாம். நான் அப்படிச் செய்யவில்லை. வாங்கிய நாலு லட்சத்தில் இரண்டரை, வீட்டுக்குப் போனது. மீதி ஒன்றரை லட்சத்தைச் சொந்தக்காரப் பையன் ஒருத்தன் நடத்திய சீட்டில் போட்டேன். சீட்டும் இல்லை, பையனும் ஊரில் இல்லை. பிடித்தம் மட்டும் 2027 வரை தவறாமல் போகும்.

இரண்டாவது வேலைக்குப் போவதா என்பதும் இதோடு ஒட்டிய கேள்வி. அரசு பேங்க் கிளார்க் வேலையில் முன்னாள் படைவீரருக்கு 14.5 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. படித்து எழுதினால் வீட்டோடு இருக்கலாம். ராணுவ இடங்களுக்குக் காவல் நிற்கும் டி.எஸ்.சி. படையில் சேர்ந்தால் யூனிபாரம் பழகியது, ஆனால் மறுபடி வீட்டை விட்டுப் போக வேண்டும். இன்னொரு பென்ஷன் ஆசையில் போகிறவர்கள், அதற்கு அங்கேயும் 15 வருடம் வேண்டும் என்பதை மறந்துவிடுகிறார்கள். எதில் போனாலும் மாதச் சம்பளம் வரும் என்பது உறுதியானால் கமுடேஷன் பிடித்தம் அவ்வளவாகத் தெரியாது. உறுதி இல்லாமல், "செக்யூரிட்டி வேலை எப்படியும் கிடைக்கும்" என்று நம்பிப் பாதியை விற்றவர்கள் சிரமப்பட்டதைப் பார்த்திருக்கிறேன்.

கணக்கு முடிந்ததும் தங்கச்சி வேறொன்று கேட்டது. அவர் இப்போது இருக்கும் இடத்தில் ஏதாவது ஆகிவிட்டால்? இதைத்தான் ஃபீல்டுக்குக் கிளம்பும் முன்பே முடித்திருக்க வேண்டும், யாரும் முடிப்பதில்லை. குடும்பப் பென்ஷனும் குரூப் இன்ஷூரன்ஸும் இரண்டு வேறு பாதை. பென்ஷன், கல்யாணம் பார்ட் டூ ஆர்டரில் (குடும்ப விவரத்தை ரெக்கார்டில் ஏற்றும் யூனிட் உத்தரவு) ஏறியிருந்தால் மனைவிக்கு வரும். விருப்பப்படி திருப்ப முடியாது. இன்ஷூரன்ஸ் பணம் நாமினிக்கு. கல்யாணத்துக்கு முன் அம்மா பேர் எழுதிக் கொடுத்துவிட்டு மாற்றாமலே இருக்கிறவர்கள் ஏராளம். அம்மா மட்டுமா, மனைவி மட்டுமா என்று வீட்டில் மூஞ்சியைத் தூக்கிக்கொள்ள வேண்டியதில்லை. இத்தனை பங்கு இவருக்கு என்று பிரித்தும் எழுதலாம். அம்மாவுக்கு வேறு வருமானம் இல்லாத வீட்டில் பிரித்து எழுதுவதே நியாயம் என்பது என் கட்சி.

அப்புறம் பேர். டைரியில் செருகியிருந்த ஆதார் நகலை வாங்கிப் பார்த்தேன். அதில் 'தனலட்சுமி'. அவர் அனுப்பியிருந்த ரெக்கார்டு காப்பியில் 'தனலக்ஷ்மி', பிறந்த வருடமும் ஒன்று கூடுதல். ராணுவப் பென்ஷனுக்கான ஆன்லைன் முறையான ஸ்பர்ஷில் பென்ஷன் ஏறும்போது இந்த ஓரெழுத்து வித்தியாசமே மாதக்கணக்கில் இழுத்துவிடும். ஆள் யூனிட்டில் இருக்கும்போது பார்ட் டூ ஆர்டர் போட்டுத் திருத்துவதற்கு ஒரு கையெழுத்து போதும். வெளியே வந்த பிறகு பிரயாக்ராஜில் இருக்கும் பென்ஷன் ஆபீசுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்க வேண்டும்.

அந்த நேரம் பார்த்து வாட்ஸ்அப்பில் அவரே கூப்பிட்டார். காற்று இரைச்சல். "பாதி எழுதிடட்டுமா?" என்று கேட்டது மட்டும் தெளிவாகக் கேட்டது.

"பாதி வேணாம், அஞ்சாயிரம்" என்று தங்கச்சி கத்தியது. "அஞ்சாயிரம்! அதுக்கு முன்னாடி என் பேரைத் திருத்துங்க."

லைன் அறுந்தது. டைரியில் 5,000 என்று எழுதி, கீழே இரண்டு கோடு போட்டுக்கொண்டு எழுந்தது. மாமனாரிடம் சொல்ல வேண்டியதை நான் வந்து சொல்ல முடியுமா என்று கேட்டது. சாயங்காலம் வருகிறேன் என்றேன்.