எல்லவா, அப்புத்தளையா? பாதி விலைக்கு வழி கேட்ட கதை

இலங்கை மலைநாட்டில் எல்லவுக்குப் போவதா, அப்புத்தளைக்குப் போவதா என்று சுவிஸில், பேர்ணில் இருக்கும்போதே வீட்டில் சண்டை. பிள்ளைகள் இருவரும் ஒன்பது வளைவுப் பாலத்தைப் போனில் பார்த்துவிட்டு எல்லதான் என்று நின்றார்கள். எனக்கு அப்புத்தளை. சின்ன வயதில் அப்பாவோடு ஒருமுறை அந்த ஸ்ரேசனில் இறங்கி, நடுங்கி நடுங்கிப் பிளேன்ரீ குடித்த ஞாபகம், வேறு காரணம் இல்லை. கடைசியில் இரண்டு இடத்திலும் இரண்டிரண்டு இரவு என்று சமாதானம்.

வான், அறை, சாப்பாடு எதிலும் குறை இல்லை, அதனால் விடுகிறேன். எல்ல றொக் மலை ஏறப்போன காலையைத்தான் சொல்லவேண்டும்.

போனவர்களுக்கு வழி தெரியும். எல்ல ஸ்ரேசனிலிருந்து பண்டாரவளைப் பக்கமாகத் தண்டவாளத்தோடு நடந்து, கித்தலெல்ல தாண்டி, இடப்பக்கம் இறங்கவேண்டும். ரயில் வந்தால் ஒதுங்கி நிற்கிறது, ட்ரைவருக்குக் கை காட்டுகிறது. சிலிப்பர்க் கட்டைக்கு எட்டு வைக்கிற பழக்கத்தைக் கால் மறக்கவில்லை. பின்னால் மகள் தடுமாற, நான் முன்னுக்கு நடந்தேன். கொஞ்சம் பெருமைதான்.

இறங்குகிற இடத்தில் ஒரு பெடியன் நின்றான். இருபது வயது வராது. "திஸ் வே குளோஸ்ட், சேர். கம், கம்" என்றான், வழமையான பாதை மூடியாச்சாம். போனோம். யாரோவின் கோவாத் தோட்டம், பிறகு தேயிலை, பிறகு யூக்கலிப்ரஸ் காடு. நாற்பது நிமிடம் கழித்து ஒரு கல்லில் நின்று, இதற்கு மேல் நேரே போகலாம், 6,000 ரூபாய் என்றான். அதுவரை காசைப் பற்றி மூச்சு விடவில்லை.

"என்னப்பா இது, எங்களைப் பேக்காட்டுறான்" என்று மனைவி என் காதுக்குள் சொன்னது அவனுக்கும் கேட்டுவிட்டது. முகம் முழுக்கச் சிரிப்பு. "அண்ணே, தமிழா நீங்க? மொதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா? மூவாயிரம் குடுங்க, போதும்."

மனைவிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. எனக்கு வரவில்லை. தாய்மொழிக்கு ஐம்பது வீதக் கழிவு! அதை மரியாதையாக எடுப்பதா, தமிழனென்று தெரிந்தும் மூவாயிரமா என்று கோபப்படுவதா? கொடுத்தேன். காசு பெரிசில்லை, எட்டு பிராங், பேர்ணில் ஒரு கோப்பியும் ஒரு பணிசும். என்னைக் குடைந்தது ஒரு பலகை. சுவிஸில் 1979-ஆம் ஆண்டு மக்கள் வாக்களித்து நடைபாதைகளை அரசியலமைப்பிலேயே எழுதிவைத்தார்கள். 65,000 கிலோமீற்றர் பாதைக்கும் மஞ்சள் பலகை, அதில் எங்கே போகிறது, எத்தனை மணி நேரம் என்று இருக்கும். மலைப்பாதை என்றால் கல்லில் வெள்ளை சிவப்பு வெள்ளைக் கோடு. இங்கே நாலு தகரமும் ஒரு வாளிப் பெயின்ரும் போதும். ஆனால் பலகை வந்தால் அந்தப் பெடியனுக்கு என்ன வேலை? இதை இரவு படுக்கையில்தான் யோசித்தேன், அதுவும் எரிச்சலோடு.

மேலே போனால் இன்னொரு கூத்து. 'மூடிய' பாதையால் ஒரு ஜேர்மன் குடும்பம் சாவகாசமாக ஏறி வருகிறது, கையில் போனில் வரைபடம். என் போனிலும் அது இருந்தது. எங்கட நாடு, எனக்கு வரைபடம் எதற்கு என்று திறக்கவில்லை. பெடியனைப் பற்றி இதையும் எழுதத்தான் வேண்டும்: காசு வாங்கிய பிறகும் அவன் போகவில்லை. மகளின் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு உச்சிவரை வந்தான், வழியெல்லாம் கதை.

பாலம் பார்த்தோம். 1921-இல் இருந்து நிற்கிறது, நல்ல பாலம், சனம் அதைவிட அதிகம்.

அப்புத்தளை வேறு உலகம். மலை முதுகில் ஒரு தெரு, நடுவில் தண்டவாளம், இரண்டு பக்கமும் பள்ளம். ஆடி மாதக் காற்று ஆளைத் தள்ளுகிறது. யாழ்ப்பாணத்தில் சோளகக் காற்று புழுதி கிளப்புகிற அதே மாதத்தில் ஊவாவில் வீசுகிற காய்ந்த காற்றுத்தான் அந்தப் பக்கத் தேயிலைக்கு மணம் தருகிறது. கடையில், பஸ்ஸில், ஓட்டோவில் நாங்கள் வாயைத் திறக்கமுதலே தமிழில் கேட்கிறார்கள். எல்லவில் இரண்டு நாளும் நான் 'சேர்', இங்கே 'ஐயா'. தம்பேதன்ன பஸ் கொண்டக்ரர் மிச்சக் காசைக் கேட்காமலே தந்தார். பழைய ஆட்களுக்கு அதன் அருமை தெரியும்.

மலை உச்சியில் நின்று காட்சி பார்க்கிற லிப்டன் சீற்றுக்கு விடியமுதல் வெளிக்கிட வேண்டும், ஒன்பது பத்துக்குள் முகில் மூடிவிடும். நாங்கள் பிந்திவிட்டோம். தேயிலை முதலாளி லிப்டன் 1890-இல் கட்டிய தம்பேதன்னத் தொழிற்சாலையிலிருந்து ஏழு கிலோமீற்றர், தோட்டத்துத் தார் ரோட்டு, வழி தவற வழியே இல்லை. மூன்றாவது கிலோமீற்றரில் மகன் ரோட்டிலேயே இருந்துவிட்டான். இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்டான். பலகை இல்லை. கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம் கேட்டேன்.

"இந்தா, அடுத்த வளைவுதான் ஐயா. யாழ்ப்பாணமா? பேச்சிலயே தெரியுது."

அடுத்த வளைவில் இல்லை. அதற்கடுத்த வளைவில் நின்ற அம்மாவும் அடுத்த வளைவு என்றுதான் சொன்னார். மேலே போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் ஆனது, அப்போது முகில் மூடி ஒன்றும் தெரியவில்லை. மஞ்சள் பலகை இருந்திருந்தால் மகன் அதை வாசித்துவிட்டுத் திரும்பியிருப்பான்.