எண்ணெய் ஏற்றிய மரகதமா, பிசின் ஏற்றியதா?

யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதி நகைக்கடைகளில் பச்சைக்கல் பார்க்கிறவர்கள் விலையோடு இன்னொன்றையும் கேட்கவேணும்: வெடிப்புக்குள் என்ன நிரப்பியிருக்கிறது? கொலம்பியாக் கல்லோ சாம்பியாக் கல்லோ, வெடிப்பில்லாத மரகதம் மிக அரிது.

தேவதாரு எண்ணெய் பழைய முறை. மரகதத்தின் ஒளிவிலகல் எண் (ஒளியை எவ்வளவு வளைக்கும் என்ற அளவு) ஏறத்தாழ 1.58, எண்ணெயுடையது 1.51. காற்று நின்ற இடத்தில் எண்ணெய் புகுந்தால் வெளிச்சம் சிதறுவது குறைந்து வெடிப்பு கண்ணுக்குப் படாது. ஆனால் காலம் போக எண்ணெய் காயும். அடுப்படிச் சூட்டில் இன்னும் கெதியாகக் காயும், வெள்ளைக் கோடுகள் தலைகாட்டும். பரவாயில்லை, துப்புரவாக்கித் திரும்ப ஏற்றலாம்.

எபொக்சி என்ற செயற்கைப் பிசினின் எண் கல்லுக்கு இன்னும் கிட்ட. மறைப்பும் நீண்டகாலம் நிற்கும். பழுதானால்தான் தலையிடி. சில வகைகள் மஞ்சளிக்கும், வெளுக்கும், எடுப்பதும் கடினம். 10 மடங்கு லென்சில் கல்லை மெல்லச் சரித்தால், சில பிசின்களில் நீலமோ செம்மஞ்சளோ பளிச்சென்று வெட்டும்.

என் தெரிவு எண்ணெய்க் கல்தான், நிரப்பல் சிறிதளவு என்று ஆய்வுகூட அறிக்கை சொன்னால். எதை வாங்கினாலும் பத்தரிடம் பழுதுபார்க்கக் கொடுக்கையில், "அண்ணை, இது மரகதம், அல்ட்ராசோனிக்கில போடாதேங்கோ, நெருப்பும் காட்டாதேங்கோ" என்று சொல்லிவிடுங்கள். அல்ட்ராசோனிக் என்பது ஒலியலை அதிர்வால் நகை கழுவும் கருவி.